315 ரைஃபிள்: சுட்ட பிறகு பேரலைக் கழுவுவது எப்படி

பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் எடுப்பவர்கள் பலரும் 12 போர் ஷாட்கன்னோடு நின்றுவிடுவார்கள். ரைஃபிள்தான் வேண்டும் என்று போனால், நம் கைக்கு எட்டுகிற போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுகிற வகை) ஈஷாப்பூர் 315. பழைய ராணுவ ரைஃபிள் லீ என்ஃபீல்டின் அதே ஆக்ஷன், 5 தோட்டா மேகசீன், கனமான குண்டு, தோளில் நல்ல உதை. பார்வைக்கு முரடு, ஆனால் ஒழுங்காக வைத்துக்கொண்டால் பேரன் காலம் வரை உழைக்கும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். "குறி சிதறுகிறது, மட்டமான துப்பாக்கி" என்று சொல்கிறவர்களின் பேரலை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாதிப் பேருடையது உள்ளே துரு பிடித்துக் கிடக்கும். அதனால்தான் இந்தப் பதிவு முழுக்கக் கழுவுவதைப் பற்றி மட்டும்.

வெளிநாட்டில் இந்த ரகத்தை மான் வேட்டைக்கு வாங்குகிறார்கள். நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடமே தரவில்லை. நம் கேரளத்தில் 2022-லிருந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்னியைச் சுட ஊராட்சித் தலைவர் அனுமதி தரலாம். அந்த அனுமதி கையில் இருந்தால்தான் துப்பாக்கி தோப்புக்குள் இறங்க வேண்டும். அதே பன்னி எல்லைக் கல்லைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடிவிட்டால் நம் ஊராட்சிக் காகிதம் அங்கே செல்லாது. விட்டுவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். மேகசீனைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பரை (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி) கண்ணால் பார்த்து, அப்புறம் சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். பக்கத்தில் பிள்ளைகள் வேண்டாம்.

அடுத்தது போல்ட்டை வெளியே எடுப்பது. சேஃப்டியை முன்னால் தள்ளி, போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுத்து, அதன் தலையை மட்டும் விரலால் மேல்நோக்கி நெம்பினால் டக்கென்று விடுபடும், அப்படியே பின்பக்கமாக உருவிவிடலாம். சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் எதுவும் தேவையில்லை. பலம் போட வேண்டியிருந்தால் எங்கேயோ தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இனிதான் முக்கியமான கட்டம். நம் ஆட்கள் பெரும்பாலோர் துணியில் எண்ணெய் தொட்டு நாலு இழுப்பு இழுத்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். புதுத் தோட்டாவுக்கு அது ஓரளவு தாங்கும். பழைய சரக்காக இருந்தால் தாங்காது. பழைய ப்ரைமர்களில் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிப் பேரல் முழுக்கப் படியும். அதுவும் ஒரு உப்புதான், காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெயில் ஒரு உப்புக்கல்லைப் போட்டுப் பாருங்கள், நாளைக்கும் அப்படியே கிடக்கும். மேலே எத்தனை எண்ணெய் பூசினாலும் அடியில் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அதைக் கரைப்பது தண்ணீர் மட்டுமே. ராணுவத்தில் 303 ரைஃபிள் வைத்திருந்த பழைய ஆட்கள் கொதிதண்ணீர் ஊற்றியது இதற்காகத்தான். உங்கள் தோட்டாவின் ப்ரைமர் எந்த வகை என்று பெட்டியில் தெளிவாக இல்லையென்றால், உப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கழுவுங்கள். தண்ணீர் ஊற்றி யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை.

ஊற்றுகிற முறையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். புனலை நேராக வைத்து ஊற்றினால் பாதித் தண்ணீர் ஆக்ஷனில் சிந்தி, கட்டைக்கும் பேரலுக்கும் நடுவே இறங்கிவிடும். அங்கே பிடிக்கிற துரு மாதக்கணக்கில் கண்ணுக்கே தெரியாது. அதனால் புனலின் வாயில் ஒரு சிலிகான் குழாயை மாட்டுங்கள், குழாயின் மறுமுனை சேம்பருக்குள் இறுக்கமாக நுழைய வேண்டும். கடைக்குப் போகும்போது வெறும் கேஸ் (சுட்ட தோட்டாவின் கூடு) ஒன்றைக் கொண்டுபோய் அதன் தடிமனுக்குச் சற்றுக் குறைவாகக் குழாய் கேளுங்கள். பிறகு பேரலின் வாயை ஒரு வாளிக்குள் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, நன்றாகக் கொதித்த தண்ணீர் ஒரு லிட்டரை மெதுவாக ஊற்றுங்கள். கொதிநீர் என்பதற்குக் காரணம் உண்டு: இரும்பு சூடேறிவிடுவதால் மிச்ச ஈரம் தானாகவே ஆவியாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அது நடக்காது. கையுறையோ தடித்த துண்டோ கட்டாயம், பேரல் தொட முடியாத அளவுக்குச் சுடும். போல்ட்டின் முகத்தையும் அதே தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், உப்பு அங்கேயும் படிந்திருக்கும்.

தண்ணீர் வடிந்ததும் காய்ந்த துணி, அப்புறம் பிரஷ், மறுபடி துணி. பிரஷ் 8 மி.மீ. அளவு பித்தளையில் வாங்குங்கள், 30 கேலிபர் பிரஷ் லூசாக ஓடும், பயனில்லை. துணியும் பிரஷ்ஷும் மாட்டுகிற ராடு எப்போதும் சேம்பர் பக்கமிருந்துதான் நுழைய வேண்டும். வாய்ப்பக்கமிருந்து விட்டால் ராடு உரசி உரசி வாயின் விளிம்பு தேயும், குறி போவது அங்கேதான். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குப் புல் த்ரூ (கயிற்றில் துணி கட்டிப் பேரலுக்குள் இழுப்பது) பழக்கம் இருக்கும், 4க்கு 2 அங்குல ஃபிளானல் துணியோடு அதுவும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எனக்குப் பிடித்தது முழு நீள ஒற்றை ராடுதான். மூன்று துண்டாகத் திருகுகிற மலிவு ராடு இணைப்பில் வளைந்து பேரலைக் கீறும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, குளிரில் உறையும், நாள்பட்டால் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும். டபிள்யூ.டி. 40 ஈரத்தை விரட்டும், ஆனால் மாதக்கணக்கில் காவல் நிற்காது. பாலிஸ்டால் என்கிற துப்பாக்கி எண்ணெய் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எதுவானாலும் மெல்லிய ஒரு பூச்சு போதும். நம் பாலக்காட்டுச் சித்தூர் கிழக்கு வறண்ட பூமிதானே என்று நினைக்காதீர்கள், ஜூன் தொடங்கினால் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று அலமாரிக்குள்ளேயே நுழையும். அதே காரணத்துக்காகத் துணி உறையில், தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்க வேண்டாம், உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது அதன் தலை கடைசிவரை திருகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆக்ஷனுக்குள் விட்டு முன்னால் நகர்த்தி, தலையைக் கீழே அழுத்தினால் கிளிப்பைத் தாண்டி உட்காரும். போல்ட்டிலும் பாடியிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டு 315 இருக்கிற வீட்டில் போல்ட் மாறிவிட்டால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் உட்கார்ந்த தோட்டாவுக்கும் உள்ள இடைவெளி) கெட்டு விபத்தில் முடியலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் கொல்லங்கோட்டுத் தம்பி ஒருவர், அடுத்த முறை சுடும்போது முதல் குண்டு மட்டும் விலகிப் போகிறதே என்று கேட்டிருந்தார். பேரலில் எண்ணெய் இருப்பதுதான் காரணம். சுடப் போகும் முன் காய்ந்த துணியை இரண்டு தடவை இழுத்துவிடுங்கள் தம்பி, சேம்பரையும் துடையுங்கள். சேம்பரில் எண்ணெய் இருந்தால் கேஸ் சுவரில் பிடிக்காமல் முழு விசையும் போல்ட்டின் மேல் விழும், இந்த ஆக்ஷன் பின்பக்கம் பூட்டுகிற வகை என்பதால் அது நல்லதல்ல.

இன்னொன்று. தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால், கொடுப்பதற்கு முந்தின நாளே கழுவிக் காயவைத்து, வழக்கத்தைவிடச் சற்றுத் தடிப்பாக எண்ணெய் பூசிக் கொடுங்கள், வாரக்கணக்கில் யாரும் அதைத் தொடப் போவதில்லை. ரசீதில் சீரியல் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ரிப்பேருக்குக் கோயம்புத்தூர் கொண்டுபோகிறவர்கள் லைசென்ஸில் செல்லுபடியாகும் எல்லை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வண்டியேறுங்கள். கேரளம் மட்டும் என்றிருந்தால் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டக் கூடாது.