வெள்ளியங்கிரி ஏழு மலைகள்: இறங்கும் நேரத்திலிருந்து திட்டமிடுவது எப்படி?

கோவை அருகேயுள்ள வெள்ளியங்கிரிக்கு முதன்முறையாகச் செல்பவர்கள் பெரும்பாலும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறார்கள். நானும் அந்த நினைப்புடன்தான் சென்றேன். காலை எட்டு மணிக்கு உச்சியை அடைந்து, ஒன்பதரைக்கு இறங்கத் தொடங்கி, நிழலே இல்லாத புல்மலைகளைக் கொளுத்தும் வெயிலில் கடந்து, தண்ணீரும் தீர்ந்துபோன நிலையில் முதல் மலையின் கற்படிகளில் முழங்கால் நடுங்க உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பயணங்களில் இறங்கும் நேரத்தை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டேன். அந்தக் கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற அனுமதி உண்டு. மகா சிவராத்திரியையும் சித்ரா பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் வேகத்தில் நடக்க முடியாது. இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் ஏறவே வேண்டாம். மூச்சுத்திணறி இறந்தவர்களைப் பற்றிய செய்தி பருவந்தோறும் வருகிறது.

மலை முழுவதும் காப்புக்காடு என்பதால் கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து இளைஞர்களும் இருந்தார்கள் என்பதை நம் பகுதியினர் மறக்கலாகாது. ஆகவே, சனிக்கிழமை மாலைக்குள் மலையடிவாரத்திலுள்ள பூண்டியை அடைந்து, கோயில் வளாகத்துக்குள்ளேயே படுத்து நான்கு மணி நேரமாவது தூங்குங்கள். அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு. வளாகத்துக்கு வெளியே படுக்காதீர்கள்.

இரவு பதினொரு மணிக்குப் புறப்படுங்கள். வனத்துறையினர் பைகளைச் சோதித்து, தண்ணீர்ப் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு ஒட்டுச்சீட்டு ஒட்டுவார்கள். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் கிடைக்கும். இரண்டு லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். அதில் ஒரு லிட்டரை இறங்குவதற்கென்று தனியே வைத்துவிடுங்கள். வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று நீர்நிலைகள் இருந்தாலும், கோடை முற்றிய பிறகு அவற்றை மட்டும் நம்பிச் செல்வது சரியல்ல. உணவுக்குப் புளிச்சோறும் கடலை மிட்டாயும் போதும்.

கைப்பேசி வெளிச்சத்தில் ஏறாதீர்கள். இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கும் பாதை இது. தலையில் மாட்டும் விளக்கே சிறந்தது.

முதல் மலைதான் மூச்சை வாங்கும். வெள்ளை விநாயகர் கோயில் வரை செங்குத்தான படிகள். இங்கே வேகம் காட்டியவர்கள் மூன்றாம் மலையில் படுத்துவிடுகிறார்கள். நடுவிலுள்ள மலைகளில் ஏற்றம் குறைந்து காற்று கூடும். ஆறாவது மலையில் ஆண்டிச் சுனைக்கு இறங்கி, அங்கிருந்து ஏழாவது மலையில் ஏற வேண்டும். கால் வைத்தால் சரியும் மண்ணும், சில இடங்களில் கையூன்றி ஏற வேண்டிய பாறைகளும் உள்ள பகுதி இது. உச்சிக்குச் சற்று முன்பே, வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றி உலர்ந்ததை அணியுங்கள். ஈரச் சட்டையுடன் அந்தக் காற்றில் நின்றால் பல் கிட்டிக்கொள்ளும்.

பாறைகளுக்கு அடியில் உள்ள ஈசனை வணங்கி, சூரிய உதயத்தைப் பார்த்த உடனேயே இறங்கத் தொடங்கிவிடுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்போதுதான் வெயில் ஏறுமுன் புல்மலைகளைத் தாண்டி மரநிழலை அடைய முடியும்.

இறங்கும் முறையை எனக்குக் கற்றுத் தந்தவர் ஆலாந்துறையில் இருக்கும் என் மாமா. படியில் நான் தாவித் தாவி இறங்குவதைப் பார்த்து, “தடிய மொதல்ல கீழ வைங்க மாப்ள, அப்பறமா கால வைங்க” என்றார். மூங்கில் தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, இரண்டு கைகளாலும் பிடித்து, உடல் எடையில் ஒரு பங்கை அதன்மேல் இறக்கிய பிறகே பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும்; முழங்கால் ஒருபோதும் விறைப்பாக நீண்டிருக்கக் கூடாது. இதற்காகவே, கடையில் விற்கும் அலுமினியக் கோலைவிட அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடியை நான் விரும்புகிறேன். தோள் உயரத்துக்கு இருப்பதாகத் தேர்ந்தெடுத்தால், உயரமான படியிலும் குனியாமல் ஊன்றலாம். அரைமணிக்கு ஒருமுறை, களைப்பு தெரியாவிட்டாலும், ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

பின்சேர்க்கை: இறங்கிய பின் கால் பெருவிரல் நகம் கருத்துவிட்டதாக வாசகர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். இறக்கத்தில் பாதம் முன்னே சரிந்து காலணியின் முனையில் இடிப்பதே காரணம். இரண்டு நாள் முன்பே நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, இறங்கத் தொடங்குமுன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். விரல் பக்கம் தளர்வாகவே இருக்கட்டும். புதுக் காலணியை அணிந்து செல்லாதீர்கள்.