மியூசிக் லைப்ரரியோடு தொடரலாமா, விலகலாமா? நான் கணக்குப் பார்க்கும் முறை

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடும்போது முதலில் பேசுவது எத்தனை வருடம் என்பதைத்தான். பணம் அதற்கு அப்புறம். தோப்பு வீட்டில் வளர்ந்த நான், என் 12 டிராக்குகளை ஒரு வெளிநாட்டு மியூசிக் லைப்ரரிக்கு, அதாவது டிவி நிகழ்ச்சி, விளம்பரம் போன்றவற்றுக்கு நம் இசையை லைசென்ஸ் கொடுக்கும் நிறுவனத்துக்கு, கொடுத்தபோது அதைச் சரியாகப் பார்க்கவில்லை. அதிலிருந்து வருடம் ஒருமுறை, மாங்காய் சீசன் முடிந்து ஆடி பிறந்ததும், எல்லா லைப்ரரிகளின் கணக்கையும் எடுத்து வைத்து உட்காருகிறேன். நீங்கள் ஏற்கெனவே ஒன்றிரண்டு லைப்ரரிகளில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: ஷீட் போடுங்கள்

கூகுள் ஷீட் போதும். ராயல்டி கணக்குக்கென்று மாதச் சந்தா கட்டும் ஆப் வேண்டாம். நூறு டிராக்குக்குள் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு. டிராக்குக்கு ஒரு வரி: லைப்ரரி, எக்ஸ்குளூசிவா (அவர்களுக்கு மட்டுமே கொடுத்ததா) இல்லையா, கையெழுத்திட்ட தேதி, திரும்பக் கிடைக்கும் தேதி, வந்த பணம்.

படி 2: திரும்பக் கிடைக்கும் தேதியைக் கண்டுபிடியுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ‘டேர்ம்’ என்ற தலைப்பில் மூன்று வருடம் என்றிருந்தது. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த மூன்று வருடம் ஒப்பந்தத்தின் காலம் மட்டுமே. அதற்குள் நான் கொடுத்த டிராக்குகள் மீதான உரிமை நான்கு பக்கம் தள்ளி வேறொரு பத்தியில் இருந்தது, ‘பெர்பெச்சுவிட்டி’ என்ற சொல்லோடு. அப்படியென்றால் என்றென்றைக்கும். 12 டிராக்கில் ஒன்றுகூட எந்த நிகழ்ச்சியிலும் வரவில்லை. வேறு யாருக்கும் கொடுக்கவும் வழியில்லை.

ஆகவே இரண்டு காலத்தையும் தனித்தனியாகத் தேடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் பத்தி இருந்தால், விலகுவதாக எத்தனை நாள் முன்பு எழுதித் தரவேண்டும் என்று பார்த்து போனில் ரிமைண்டர் வையுங்கள். புது ஒப்பந்தமானால், ‘இத்தனை வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் டிராக் எனக்கே திரும்ப வேண்டும்’ என்ற ரிவர்ஷன் பத்தியைக் கேளுங்கள். எக்ஸ்குளூசிவ் கேட்டுவிட்டு இதற்கு மறுப்பவரிடம் நான் இப்போது கொடுப்பதில்லை.

ஒப்பந்தத்தில் காலமே குறிப்பிடாவிட்டால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, அதையும் பாருங்கள்.

படி 3: ரைட்டர்ஸ் ஷேர்

லைசென்ஸ் கட்டணத்தில் பாதிப் பாதி என்பது வழக்கம். டிராக் ஒளிபரப்பாகும்போது வரும் ராயல்டி வேறு கணக்கு. அதில் ரைட்டர்ஸ் ஷேர் என்ற பாதி இசையமைத்த உங்களுடையது, அதில் லைப்ரரி கை வைக்கக் கூடாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு நம் சட்டத்திலும் இசையமைப்பாளர் தன் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர எழுதித் தர முடியாது. ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி, உங்களை அடையாளம் காட்டும் ஐபிஐ எண்ணை லைப்ரரிக்குக் கொடுங்கள். ஒரு நிகழ்ச்சியில் எந்தெந்த இசை வந்தது என்று பட்டியலிடும் கியூ ஷீட்டில் பெயர் விட்டுப்போனால் பணம் உங்களைத் தேடி வராது.

படி 4: அவசரப்படாதீர்கள்

வெளிநாட்டு ஒளிபரப்புப் பணம் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். ஆறு மாதத்தில் பணத்தை வைத்து முடிவு செய்வது தவறு. அதுவரை லைப்ரரியின் நடத்தையைப் பாருங்கள்: மெயிலுக்குப் பதில் வருகிறதா, எப்படிப்பட்ட இசை வேண்டும் என்று பிரீஃப் அனுப்புகிறார்களா, ஸ்டேட்மென்ட் சொன்ன தேதியில் வருகிறதா. பணம் இல்லாத காலாண்டிலும் ஸ்டேட்மென்ட் அனுப்பும் ஒரு சின்ன லைப்ரரியை நான் விடவே மாட்டேன்.

பின்சேர்க்கை: ஒரே டிராக்கை இரண்டு நான்-எக்ஸ்குளூசிவ் லைப்ரரிகளில் வைத்திருந்த ஒரு நண்பருக்கு யூடியூப் கிளெய்ம் வந்ததாக எழுதியிருந்தார். ஒரு லைப்ரரி அதை கன்டென்ட் ஐடியில் (வீடியோவில் வரும் இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் முறை) போட்டிருந்தால், மற்ற லைப்ரரியில் லைசென்ஸ் வாங்கிய வாடிக்கையாளரின் வீடியோவும் மாட்டும். டிராக் கன்டென்ட் ஐடியில் இருக்கிறதா என்பதற்கும் ஷீட்டில் ஒரு கட்டம் சேருங்கள்.

இன்னொருவர் பம்பை வாசிக்கும் கலைஞரைப் பதிவு செய்வது பற்றிக் கேட்டார். காவேரிப்பட்டணத்தில் நான் பதிவு செய்தபோது, பேசிய தொகையையும் எங்கெல்லாம் பயன்படும் என்பதையும் தமிழிலேயே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவரிடமே கொடுத்தேன். லைப்ரரி கேட்டபோது அதன் ஆங்கில வடிவத்தையும் சேர்த்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.