அரசியல் சட்டம் படித்தவர்கள் இராமநாதபுரம் கரையில் ஓட்டுக் கேட்கும்போது

சென்ற மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு இளம் வழக்கறிஞர் மைக் பிடித்து, "கச்சத்தீவு ஒப்பந்தமே செல்லாது" என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்கு வயிறு கலங்கியது. இருபது வருடம் அரசியல் சட்ட வழக்கு நடத்திவிட்டு மக்களவைக்கு இந்தத் தொகுதியில் நின்றபோது அதே வார்த்தையை நானும் சொன்னேன். என்னைப் போல வழக்கறிஞராக இருந்து இங்கே நிற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 25,000 ரூபாய் டெபாசிட், பிரமாணப் பத்திரம், செலவுக் கணக்கெல்லாம் உங்கள் முகவர் பார்த்துக்கொள்வார். அவற்றை விடுகிறேன்.

மேடையில் "செல்லாது" என்பது

வாதம் கெட்டியானதுதான். இந்திய நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று பெருபாரி (பாகிஸ்தானுக்குப் பிரித்துக் கொடுக்க இருந்த மேற்கு வங்கப் பகுதி) விவகாரத்தில் 1960-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 9-வது திருத்தம் அப்படி வந்ததுதான். கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட 1974 ஒப்பந்தத்துக்கு அப்படித் திருத்தம் வரவில்லை. கொடுக்கவில்லை, தகராறில் இருந்த எல்லையை வகுத்தோம் என்பது மத்திய அரசின் பதில்.

நான் அப்படிப் பேசிய மறுநாள் விடிகாலை ஜெட்டியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த விசைப்படகுக்காரர் கேட்டார்: "செல்லாதுன்னு சொன்னீங்களே சார், அப்ப அந்தப் பக்கம் வலை விடலாமா?" ஈரக் கையைக் கைலியில் துடைத்தபடி பதிலுக்கு நின்றார். நான் பெருபாரியை விளக்க ஆரம்பித்தேன். "விடக் கூடாது" என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் வாரம் அவர் படகு பிடிபட்டது. ஆட்கள் திரும்பினார்கள், படகு திரும்பவில்லை. என் பேச்சைக் கேட்டுத்தான் போனாரா என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

அவருக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு நம் மீனவரும் யாத்ரீகரும் தீவுக்குப் போய்வர வழிவிடுகிறது. மீன் பிடிக்கலாம் என்று அதில் இல்லை. 1976-இல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், இந்தியப் படகுகள் இலங்கைக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்கின்றன. பிடிபட்டவரை விசாரிப்பது இலங்கை நீதிமன்றம், இலங்கைச் சட்டப்படி. பெருபாரி அங்கே உதவாது.

தனிநபர் மசோதா

அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவரும் இந்த மசோதாக்களில் 1970-க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள்.

அரசு வழக்கறிஞர் பதவி

வேட்புமனுப் போடும் முன்பே ராஜினாமா. அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவரைத் தகுதியிழக்கச் செய்யும் 102-வது பிரிவு உங்களுக்கே தெரியும்.

கொறடா உத்தரவு

மசோதாவின் நியாயத்தை எடைபோட்டு ஓட்டுப் போடலாம் என்ற நினைப்போடு வராதீர்கள். கட்சிச் சீட்டில் ஜெயித்தால் 10-வது அட்டவணை, அதாவது கொறடா உத்தரவை மீறினால் பதவி பறிபோக வழிசெய்யும் கட்சித் தாவல் தடைச் சட்டம், கூடவே வரும்.