வெளி ஏர் இன்டேக் போட்ட காரா? குழாய்க்குள் துணி விட்டுப் பாருங்கள்

வெளியில் வாங்கிப் போட்ட ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் ஃபில்டரும் குழாயும்) தானாக இன்ஜினைக் கெடுக்காது. கெடுப்பது அது உள்ளே விடும் தூசி. வேலூர்ப் பக்கம் பாலாற்று மணலுக்கும் சாலைப் புழுதிக்கும் பஞ்சமில்லை. நுண்மணல் பிஸ்டன் ரிங்கை அரைத்தால் ஆயில் குறையும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) விழும்.

5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயைக் கழற்றி, உட்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். புழுதி ஒட்டினால் கிளாம்ப் தளர்வு, ரப்பர் விரிசல், இல்லையென்றால் ஃபில்டரே மட்டம்.

காட்டன் ஃபில்டரைக் கழுவினால் நிழலில் முழுக்க உலரட்டும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் இழை விலகும். உலர்ந்தபின் ஃபில்டரில் தடவும் ஆயில் அளவோடு. மிஞ்சினால் உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் கம்பியில் படிந்து காற்றளவைத் தப்பாகக் காட்டும், ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓட்டம்) தள்ளாடும். அந்த சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரே அடியுங்கள், கார்புரேட்டர் கிளீனர் வேண்டவே வேண்டாம்.

சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் ஃபில்டர் அனலைத்தான் குடிக்கும். சத்தம் கூடும், பவர் கூடாது. வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள்.