ராதாநகர் கடற்கரைக்குப் போகுமுன்: நானும் செய்த தவறுகள்

போன வாரம் அலுவலகத்துத் தம்பி ஒருவன் தன் அந்தமான் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றான். டிசம்பர் பயணம். முதல் நாள் போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை, இரண்டாம் நாள் அதை ஒட்டிய ராஸ் தீவு, மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஹேவ்லாக், ஐந்தாம் நாள் காலை ஃபெர்ரியில் போர்ட் பிளேர் திரும்பி மதியம் சென்னை விமானம். படித்ததும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே எரிச்சலும் வந்தது. குடும்பத்தோடு முதல் முறை போனபோது நான் போட்ட திட்டம் அச்சு அசல் இதேதான். அதன்பிறகு மூன்று முறை போய் வந்துவிட்டேன். தெரிந்தவர்கள் அனுப்பும் திட்டங்களில் பாதிக்கு மேல் இன்னும் அதே ஓட்டையோடுதான் வருகின்றன.

தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், வெயிலில் களிம்பு பூசுங்கள் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரைப் பார்த்துப் பதறுவது

ராதாநகர் இருப்பது ஹேவ்லாக் தீவில். 2018 டிசம்பரில் அதற்கு ஸ்வராஜ் த்வீப் என்றும், பக்கத்து நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்றும் பெயர் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் ஒரு பெயரும் ஹோட்டல் ரசீதில் இன்னொரு பெயரும் இருக்கும். என் மைத்துனர் "வேற தீவுக்குப் போட்டுட்டேன்" என்று பயந்து, சரியான டிக்கெட்டை ரத்து செய்து, அதே படகில் அதே இருக்கைக்கு மறுபடி பணம் கட்டினார்.

தீவில் கடைசி இரவு, மறுநாளே விமானம்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஹேவ்லாக்கில் பயணிகள் விமானம் இறங்க இடம் இல்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்து போர்ட் பிளேர் போய், அங்கிருந்து படகு பிடிக்க வேண்டும். தனியார் ஃபெர்ரி என்றால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அரசுப் படகு என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். இந்த 'ஒன்றரை மணி நேரம்' என்ற சொல்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற கணக்கில் போட்டுவிடுகிறார்கள். காலை எட்டரைக்குப் படகு, பத்தரைக்குப் போர்ட் பிளேர் ஜெட்டி (படகுத்துறை), விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது, ஒரு மணிக்கு விமானம். இடையில் இரண்டரை மணி நேரம் தாராளமாக இருக்கிறதே என்று நானும்தான் நினைத்தேன்.

அது நவம்பர் கடைசி. விடியற்காலை ஐந்தரைக்குப் படகு நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது: வானிலை காரணமாக இன்றைய சேவை ரத்து. அறையைவிட்டு வெளியே வந்து பார்த்தால் பளீரென்று வெயில். தென்னை மரம் ஆடவில்லை. ஏதோ ஏமாற்று வேலை என்று கொதித்துக்கொண்டு ஜெட்டிக்கே போனேன். அங்கே என்னைப் போல நூறு பேர். தேங்காய் விற்ற பெரியவர்தான் விளக்கினார்: கரையோரம் எப்படி இருக்கிறது என்பதில் ஒன்றும் இல்லை, நடுக்கடலில் அலை எப்படி என்பதுதான் கணக்கு. துறைமுகத்தில் எச்சரிக்கை வந்துவிட்டால் யாரும் படகை எடுக்க முடியாது.

படகுக் கட்டணம் முழுதாகத் திரும்பி வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. விமான டிக்கெட்தான் போயிற்று. படகும் விமானமும் தனித்தனியாக எடுத்தவை. நாம் கவுன்டருக்கு வரவில்லை என்பது மட்டும்தான் விமான நிறுவனத்துக்குத் தெரியும், கடல் கொந்தளித்தது அவர்கள் கவலை இல்லை. சரி, மறுநாள் போய்விடலாம் என்றால், மறுநாள் படகுகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. முந்தைய நாள் நின்றுபோன கூட்டம் முழுக்க மிச்சம் இருக்கிற சில இடங்களுக்கு மோதுகிறது. அரசுப் படகின் ஜன்னலில் வரிசை சாலைவரை வந்துவிட்டது. ஹெலிகாப்டர் இருக்கிறதே என்று ஒருவர் கிளப்பிவிட்டார். அதில் இருப்பதே சில இருக்கைகள், நோயாளிகளுக்கும் தீவுவாசிகளுக்கும் போக நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது.

இரண்டு இரவு கூடுதல் அறை வாடகை. நான்கு பேருக்கும் போக வரக் கொடுத்த விமானக் கட்டணத்தைவிட, திரும்பி வர மட்டும் புதிதாக எடுத்த டிக்கெட்டுக்கு அதிகம் கொடுத்தேன். மகளுக்கு அரையாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது வேறு. அந்த இரண்டு நாளும் நான் கடலையே திரும்பிப் பார்க்கவில்லை. ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று 2004ல் டைம் பத்திரிகை பட்டம் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, போனில் விமானக் கட்டணம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டே நாளோடு போனது அதிர்ஷ்டம் என்று பிறகு புரிந்தது. 2016 டிசம்பரில் சென்னையை வர்தா புயல் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். சென்னைக்கு வருமுன் அது அந்தமான் பக்கம் உருவாகிக்கொண்டிருந்தபோது ஹேவ்லாக்கிலும் நீலிலும் சுற்றுலாப் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

தீர்வு இவ்வளவு எளிதாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல். திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். போர்ட் பிளேர் போய் இறங்கியதும் முதலில் ஹேவ்லாக்குக்குப் போய்விடுங்கள். செல்லுலார் சிறை, அங்கே மாலையில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சி, ராஸ் தீவு எல்லாவற்றையும் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளுங்கள். படகு ஒரு நாள் நின்றாலும் ராஸ் தீவைத்தான் இழப்பீர்கள், விமானத்தை இல்லை. செலவு ஒரு ரூபாய்கூடக் கூடாது. ஆனால் பேக்கேஜ் போட்டுக் கொடுப்பவர்கள் இன்னும் பழைய வரிசையிலேயே கொடுக்கிறார்கள். கேட்டால் "இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல சார்" என்பார்கள். ஆனால் அவர்கள் பணமா போகிறது?

பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை புயல் காலம். நல்ல மாதத்தில் போனாலும் கடைசி இரவு போர்ட் பிளேரில்தான். படகின் எஞ்சின் மக்கர் பண்ணுவதற்கு மாதம் கிழமை கிடையாது.

சென்னைக் கடிகாரத்தை நம்புவது

ராதாநகர் மேற்குப் பார்த்த கடற்கரை. சூரியன் கடலில் இறங்குவதை நம் மெரினாவில் பார்க்க முடியாது, அதற்காகவே இங்கே கூட்டம் வருகிறது. ஆனால் அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரத்தில் இருந்தும் கடிகாரம் மட்டும் இந்திய நேரம்தான் காட்டும். சென்னையைவிடச் சுமார் 50 நிமிடம் முன்னாலேயே அங்கே பொழுது சாயும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். மத்தியானம் தூங்கி எழுந்து, டீ குடித்து, ஆட்டோ பேசி ஐந்தரைக்கு வந்து இறங்குகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஜெட்டியிலிருந்து ராதாநகர் ஏறக்குறைய 12 கிலோமீட்டர், தீவின் மறுபக்கம். மூன்று மணிக்கு மணலில் இருங்கள். குளிக்கவும் நேரம் கிடைக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விடியற்காலை ஐந்தரைக்கு அங்கே நன்றாக வெளிச்சம் வந்துவிடுகிறது. ராதாநகரில் ஆளே இல்லாத நேரம் அதுதான். மணலில் நண்டுக் கோலம் மட்டும் இருக்கும்.

'பீச் ரிசார்ட்' என்றால் நீந்தலாம் என்று நினைப்பது

அறைகளில் பெரும்பகுதி தீவின் கிழக்குக் கரையில், மூன்றாம் எண், ஐந்தாம் எண் கடற்கரைப் பக்கம் இருக்கின்றன. (ராதாநகர்தான் ஏழாம் எண்.) விளம்பரப் படத்தில் வாசலிலேயே நீலக்கடல் தெரியும். கடல் வற்றும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். தண்ணீர் வெகு தூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமுமாகக் கிடக்கும். செருப்பில்லாமல் இறங்கினால் கால் கிழியும். காலை நேரத்துக்கு அழகான கரைதான், குறை சொல்லவில்லை. நீந்த வேண்டுமென்றால் ராதாநகருக்குத்தான் வர வேண்டும். போகுமுன் அன்றைய ஏற்ற வற்ற நேரத்தை அறைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலைப் பலகையோடு செல்ஃபி

ராதாநகரின் ஓரத்தில் நீல்ஸ் கோவ் என்று அமைதியான உப்பங்கழி ஒன்று இருக்கிறது. 2010ல் அந்தப் பக்கம் நீருக்குள் நீந்திக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை உப்புநீர் முதலை கொன்றது. முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் இறங்காதீர்கள். குளிக்கக் குறித்துவிட்ட எல்லைக்குள் மட்டும் குளியுங்கள்.

சிப்பி, பவளம் பொறுக்குவது

வேண்டாம். விமான நிலைய ஸ்கேனரில் மாட்டும், வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு.

"சென்னையிலிருந்து கப்பலிலேயே போய்விடலாமே"

ஏறக்குறைய மூன்று நாள். ஒரு வழிக்கு.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தம்பி திட்டத்தை மாற்றி நேற்று திரும்ப அனுப்பினான். முதலில் ஹேவ்லாக், கடைசி இரண்டு இரவு போர்ட் பிளேர். நன்றாகத்தான் போட்டிருக்கிறான். இரண்டாம் நாள் வரியில் மட்டும் இப்படி இருந்தது: மாலை 5.45, ராதாநகர், சூரிய அஸ்தமனம்.