எழுதாததையும் படிப்பது எப்படி? பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்கு ஒரு பயிற்சி

“இந்தக் கேள்விக்குப் பத்தியில் பதிலே இல்லை, சார்.”

டியூஷனுக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் இதைச் சொல்லிவிடுகிறார். அவர்மேல் குற்றமில்லை. பதில் எழுத்தில் இல்லைதான். எழுத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு நாம்தான் அதை எட்ட வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு இன்ஃபரன்ஸ் என்று பெயர். தமிழில் உய்த்துணர்தல். நன்னூல் எண்ணும் 32 உத்திகளில் கடைசியாக வருவது ‘உய்த்துணர வைப்பு’. வெளிப்படையாகச் சொல்லாமல், படிப்பவரே ஆராய்ந்து உணரும்படி வைப்பது அது. ஆகவே கடல் கடந்து வந்த வித்தை என்று இதைக் கண்டு மிரள வேண்டாம்.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளை வைத்துச் சொல்கிறேன். 80 மதிப்பெண்ணில் வாசிப்புப் பகுதிக்கு 20. பாடப்புத்தகத்தில் இல்லாத இரண்டு பத்திகள், ஒவ்வொன்றுக்கும் 10. முதலாவது ஒரு கருத்தை விவாதிக்கும் பத்தி, 400 முதல் 450 சொற்கள். இரண்டாவது அதைவிடச் சிறியது. அட்டவணை, வரைபடம் போன்ற புள்ளிவிவரத்தோடு வரும். இந்தப் பகுதியில் எதையெல்லாம் சோதிக்கப்போகிறோம் என்று பாடத்திட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உய்த்துணர்தலும் உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்குத் தாளின் அமைப்பு வேறு, பயிற்சி இதேதான்.

எடுத்துக்காட்டுகளைத் தமிழிலேயே தருகிறேன். சோம்பல் காரணமல்ல. இந்த வேலையைத் தமிழில் நீங்கள் தினமும் பிழையில்லாமல் செய்கிறீர்கள். ஆங்கிலம் என்றதும் அந்தப் புலனை மூடிவைத்துவிட்டு அகராதியைத் திறக்கிறீர்கள். முதலில் அந்தப் புலனை அடையாளம் காட்ட வேண்டும்.

படி 1: கேள்வியை இனம் பிரியுங்கள்

யார், எப்போது, எங்கே, எத்தனை என்று கேட்டால் விடை பத்தியில் அப்படியே கிடக்கும். கேள்வியில் இன்ஃபர், இம்ப்ளை, சஜஸ்ட், கன்க்ளூட், மோஸ்ட் லைக்லி ஆகியவற்றில் ஒன்று இருந்தால், வரிகளுக்கு நடுவே தேடச் சொல்கிறார்கள் என்று பொருள். ஆசிரியரின் டோன் என்ன, ஆட்டிட்யூட் என்ன என்ற கேள்விகளும் இந்த இனம்தான். கேள்வித்தாளில் அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுப் பழகுங்கள்.

ஏன் என்று கேட்கும் ‘வொய்’ மட்டும் இரண்டு பக்கமும் சாயும். பத்தியில் ‘பிகாஸ்’ போட்டுக் காரணம் சொல்லியிருந்தால் நேர்க்கேள்வி. இல்லையென்றால் உய்த்துணர வேண்டும்.

படி 2: சின்னச் சொற்களைப் பிடியுங்கள்

இதற்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படியில்தான் மதிப்பெண் இருக்கிறது என்பது என் அனுபவம்.

மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

ராமு தேறிவிட்டான்.
ராமுவும் தேறிவிட்டான்.
ராமுவே தேறிவிட்டான்.

மூன்றிலும் செய்தி ஒன்றுதான். ஆனால் இரண்டாவதைக் கேட்டதும் வேறு யாரோ ஏற்கெனவே தேறியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. இலக்கண வகுப்பில் எச்சவும்மை என்று படித்தது இதைத்தான். மூன்றாவதைக் கேட்டதும், ராமு தேறுவான் என்று ஊரில் யாரும் நம்பவில்லை என்பதும், அவனே தேறிவிட்டபோது தேர்வு அவ்வளவு கடினமில்லை போலும் என்பதும் விளங்குகின்றன. பாவம் ராமு. இவ்வளவையும் ஓர் ஏகாரத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். யாரும் விளக்கவில்லை.

நாம் ‘உம்’, ‘ஏ’, ‘தான்’ என்று சொல்லோடு ஒட்டிவிடுவதை ஆங்கிலம் பெரும்பாலும் தனிச் சொல்லாக நிறுத்துகிறது: ஈவன், ஒன்லி, ஸ்டில், ஆல்ரெடி, எகெய்ன், ஜஸ்ட். பிள்ளைகள் மனத்துக்குள் மொழிபெயர்த்துப் படிக்கும்போது முதலில் கைநழுவுவது இவைதான். அந்த அதிகாரி ‘ஸ்டில்’ சைக்கிளில் அலுவலகம் போகிறார் என்று பத்தியில் இருக்கும். “அதிகாரி சைக்கிளில் போகிறார்” என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ‘இன்னமும்’ விழுந்துவிட்டது. முன்பும் சைக்கிளில்தான் போனார், இப்போது அதை விட்டிருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம், அவர் விடவில்லை. இத்தனையும் அந்த ஒரு சொல்லோடு போயிற்று. கேள்வி வருவது அங்கேதான்.

‘ஃபியூ’ என்பதும் ‘எ ஃபியூ’ என்பதும் நம் பிள்ளைகளைத் தவறாமல் விழவைக்கும் பள்ளம். கூட்டத்துக்கு ‘எ ஃபியூ’ பேர் வந்தார்கள் என்றால் சிலர் வந்தார்கள். ‘ஃபியூ’ பேர் வந்தார்கள் என்றால் சிலரே வந்தார்கள், எழுதியவருக்கு ஏமாற்றம். மறுபடியும் நம் ஏகாரம்தான்.

வினைச்சொற்களிலும் இந்த வேலை நடக்கும். ‘செட்’ என்றால் சொன்னார், அவ்வளவுதான். ‘க்ளெய்ம்ட்’ என்றால் அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், எழுதுபவர் பொறுப்பேற்கவில்லை. ‘அட்மிட்டட்’ என்றால் ஒப்புக்கொண்டார். எளிதில் சொல்லிவிடக்கூடிய விஷயம் அல்ல அது. ‘மேனேஜ்ட் டு’ வந்தால் காரியம் முடிந்தது, ஆனால் பாடுபட்டு முடிந்தது.

பயிற்சி எளிது. ஆங்கில நாளிதழில் ஒரு பத்தி எடுத்து, இத்தகைய சொற்களை வட்டமிடுங்கள். பிறகு அவற்றை விட்டுவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். என்ன காணாமல் போயிற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் குறைந்துவிட மாட்டீர்கள்.

படி 3: ஒரு பத்தியை உடைத்துப் பாருங்கள்

வகுப்புக்காக ஆங்கிலத்தில் நான் எழுதி வைத்திருக்கும் பத்தி ஒன்றின் தமிழ் வடிவம் இது:

“மீனாட்சி கடையின் ஷட்டரைப் பாதிவரைதான் தூக்கினாள். விளக்கைப் போடவில்லை. தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றாள். அது கடந்து போனதும் உட்கார்ந்துவிட்டாள். கல்லாப்பெட்டியின் மேல் நேற்றைய நாளிதழ் மடிப்புக் கலையாமல் கிடந்தது.”

அவள் எந்த மனநிலையில் இருக்கிறாள்? இங்கே நிறுத்திக் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். கடன் கொடுத்தவருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள் என்று ஒரு கட்சி. யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று இன்னொரு கட்சி. இதுவரை இரண்டுமே பொருந்துகின்றன. பாதி ஷட்டரும் இருட்டும் முதல் கட்சிக்குத்தான் அதிகம் உதவுகின்றன. அடுத்த வரி:

“இரண்டு தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.”

கடன்காரருக்காக யாரும் தம்ளர் கழுவி வைப்பதில்லை. முதல் கட்சி கலைகிறது. வருகிறவரை அவள் விரும்பி எதிர்பார்க்கிறாள். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது, ஐந்தாவது வரியிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது என்பது. ஊகத்தைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்தி முடியும்வரை அழிக்கத் தயாராக இருங்கள்.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. “வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான், சார்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். மகன் எங்கே இருக்கிறான்? பத்தியில் இல்லை. வெளிநாடும் இல்லை. தம்ளர் இரண்டு என்பதால் வருவது ஒருவராக இருக்கலாம் என்பதுவரை போகலாம். அதற்குமேல் போனால் அது உங்கள் கதை; அதற்கு மதிப்பெண் கிடையாது.

படி 4: மூன்று கட்ட நோட்டு

ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் ‘பத்தி சொல்வது’, நடுவில் ‘எனக்குத் தெரிந்தது’, கடைசியில் ‘ஆகவே’. மீனாட்சிக்கு இப்படி வரும்: இரண்டு தம்ளர்களைக் கழுவி வைத்திருக்கிறாள், விருந்தாளி வரப்போகிறார் என்றால் தம்ளர் எடுத்து வைப்போம், ஆகவே ஒருவரை எதிர்பார்க்கிறாள்.

பிழை எப்போதும் நடுக் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கும். அங்கே எழுதுவதை யார் படித்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். “எங்கள் அத்தைகூட மகன் வரும்போது இப்படித்தான் செய்வார்” என்பது உண்மையாகவே இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவான அறிவு அல்ல. அதை அடித்துவிடுங்கள். முதல் கட்டம் காலியாக இருந்தால் விடையையே அடித்துவிடுங்கள். விரல் வைத்துக் காட்ட ஒரு வரி வேண்டும்.

படி 5: தவறான விடைகளுக்குப் பெயர் வையுங்கள்

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில், தவறான மூன்றும் ஏனோதானோவென்று எழுதப்பட்டவை அல்ல. நான் வகுப்பில் இவற்றுக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறேன்.

‘தாண்டிப் போனது’: மகன், வெளிநாடு இவையெல்லாம். ‘தலைகீழ்’: பத்தியில் இருக்கும் சொற்களையே போட்டு உறவை மாற்றிவிடும், காரணம் விளைவாகியிருக்கும். ‘பாதி சரி’: முதல் பாதி ஒழுங்காக இருக்கும், ‘அண்ட்’ என்ற சொல்லுக்குப் பிறகு கெட்டுப்போகும். அதனால் விடையைக் கடைசிச் சொல்வரை படிக்க வேண்டும்.

நான்காவது ‘நல்ல பிள்ளை விடை’. இதுதான் நம் மாணவர்களை அதிகம் கவிழ்க்கிறது. ஓர் ஏரி ஆண்டுதோறும் சுருங்குவதையும், அதிகாரிகள் கூட்டம் மட்டும் போட்டுக் கலைவதையும் சொல்லும் பத்தி. அதிகாரிகளைப் பற்றி எழுத்தாளர் என்ன உணர்த்துகிறார் என்பது கேள்வி. நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர், நீர்நிலைகளைக் காப்பது நம் அனைவரின் கடமை என்ற விடையைத் தேர்ந்தெடுத்தார். யாரால் மறுக்க முடியும்? ஆனால் கேட்டது அது அல்லவே. எதைப் படித்தாலும் கடைசியில் ஒரு நீதி இருக்க வேண்டும் என்று நாமே அவர்களைப் பழக்கிவிட்டோம். விடை எவ்வளவு நல்லதாகத் தெரிகிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

ஆல்வேஸ், நெவர் என்று அடித்துச் சொல்லும் விடைகள் பெரும்பாலும் தவறு என்று சொல்லிக்கொடுப்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். பத்தியே அப்படி அடித்துச் சொல்லியிருந்தால் மட்டும் இந்தச் சூத்திரம் காலை வாரிவிடும்.

படி 6: விடையை எழுதும் விதம்

ஒரு வாக்கியம் போதும். அதில் ஊகமும் இருக்க வேண்டும், அதற்கான சான்றும் இருக்க வேண்டும். இன்னது செய்தாள், இதிலிருந்து இன்னது தெரிகிறது என்ற வடிவம். ஆங்கிலத்தில் நடுவே ‘திஸ் சஜஸ்ட்ஸ் தட்’ போட்டால் வேலை முடிந்தது. பத்தியின் வரியை அப்படியே பெயர்த்து எழுதுவது சான்று மட்டும்தான், விடை ஆகாது. ‘ஐ திங்க்’ என்று தொடங்காதீர்கள். உங்கள் கருத்தைக் கேட்கும் கேள்வி தனியாக வரும்.

படி 7: எண்கள் வரும் பத்தி

ஒரு கற்பனைக் கணக்கு: பள்ளி நூலகத்தில் ஜூன் மாதம் 40 புத்தகங்கள் எடுக்கப்பட்டன, ஜூலையில் 90. ஜூலை முதல் நாளில் வாசிப்புப் போட்டி அறிவித்தார்கள். போட்டி அறிவித்த மாதத்தில் புத்தகம் எடுப்பது இரண்டு மடங்குக்கு மேல் கூடியது என்று சொல்லலாம். வாசிக்கும் மாணவர்கள் இரண்டு மடங்கானார்கள் என்று சொல்ல முடியாது. ஒரே மாணவர் பத்துப் புத்தகம் எடுத்திருக்கலாம். எடுத்ததையெல்லாம் படித்தார்கள் என்பதும் கிடையாது, நம் வீட்டு அலமாரிகளே சாட்சி. போட்டிதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் இந்த இரண்டு எண்கள் போதாது. எண் எதை எண்ணுகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் இந்தப் பகுதியில் பாதித் தவறு குறையும்.

தேர்வு நாளும் அதற்கு முன்பும்

எழுதத் தொடங்கும் 10.30 மணிக்கு முன் கேள்வித்தாளைப் படிக்க 15 நிமிடம் தருகிறார்கள். முதல் பத்தியைக் கேள்விகளைப் பார்க்காமல் முழுதாகப் படிப்பது நல்லது. கேள்வியை முதலில் படித்தால் கண் விடையைத் தேடும், பத்தியின் தொனி காதில் விழாது. இரண்டாவது பத்திக்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: கேள்வி முதலில், அட்டவணை பிறகு. இரண்டுக்கும் சேர்த்து 40 நிமிடத்துக்கு மேல் செலவழித்தால் பின்னால் இலக்கியப் பகுதியில் கை ஓடாது.

சி.பி.எஸ்.இ. தன் கல்விப் பிரிவு இணையதளத்தில் மாதிரி வினாத்தாளையும் மதிப்பெண் வழங்கும் முறையையும் ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடுகிறது. வழிகாட்டிப் புத்தகம் வாங்கும் முன் அவற்றைத் தீர்த்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் கடிகாரத்தைப் பார்க்காமல் நாளுக்கு ஒரு பத்தி. தவறிய ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அதன் பட்டப்பெயரை எழுதுங்கள். பத்து நாளில் எந்தப் பள்ளத்தில் அடிக்கடி விழுகிறீர்கள் என்று நோட்டே காட்டிவிடும்.

இன்றைக்கே தொடங்க மூன்று வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் எந்தச் சொல் பேசுகிறது என்று பாருங்கள்.

“அப்பா இந்தமுறை குடையை மறக்கவில்லை.”
“டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.”
“பஸ் வந்தபோது வரிசையில் மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.”

முதல் இரண்டை நீங்களே எழுதிப் பாருங்கள். மூன்றாவதில் பேசுவது ‘தான்’ மட்டுமல்ல, ‘மிஞ்சியிருந்தார்கள்’ என்ற வினையும். முன்பு இன்னும் பலர் நின்றிருக்கிறார்கள், காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். பஸ் தாமதமாக வந்திருக்கிறது என்றும் எழுதலாம். போனவர்கள் ஆட்டோவில் போனார்களா, நடந்து போனார்களா என்பது அந்த வரியில் இல்லை.