நிறுவன ஆளுகை ஆய்வு: இலக்கிய மீளாய்வில் எங்கே சறுக்குகிறோம்?

ஒரு தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவதுதான் இலக்கிய மீளாய்வு. கேள்வியை முடிவு செய்யாமல் தேட உட்காருவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 'நிறுவன ஆளுகை' (நிறுவனத்தை யார், எப்படி வழிநடத்திக் கண்காணிப்பது என்ற துறை) என்று ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தட்டினால் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். பிறகு கண்ணில் பட்டதுதான் மீளாய்வு. தேடுசொற்கள், ஆண்டு வரம்பு, ஒதுக்கிய கட்டுரை, ஒதுக்கிய காரணம் எல்லாவற்றையும் தேடும்போதே குறித்துவையுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நேரத்தில் நினைவிலிருந்து எழுதும் முறையியல் பகுதி பாதி கற்பனைதான்.

இதைவிடப் பெரிய தவறு, தேர்தல் முடிவைப் போல ஆய்வுகளை எண்ணுவது: ஆம் என்றவர் இத்தனை பேர், இல்லை என்றவர் இத்தனை பேர், ஆகவே ஆம். நார்வேயைப் பாருங்கள். பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஆண், பெண் இரு தரப்புக்கும் ஏறத்தாழ 40 விழுக்காடு இடமாவது வேண்டும் என்று 2003இல் சட்டம் வந்தது. 2008 தொடக்கம்வரை அவகாசம். இதனால் நிறுவனங்களின் மதிப்பு சரிந்தது என்று 2012இல் ஆஹெர்ன், டிட்மார் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். பின்னர் எக்போ, நைகார்ட், தோர்பர்ன் மூவரும் அதையே மறுபடி ஆராய்ந்து, புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க சரிவு இல்லை என்றார்கள். சட்டம் வரப்போகும் செய்தி சந்தைக்கு எட்டியது எந்த நாளில்? ஒரே நாளில் பல பங்குகளின் விலை சேர்ந்தே அசைவதைக் கணக்கில் கொண்டார்களா? சண்டை இங்கேதான். 'முடிவுகள் கலவையாக உள்ளன' என்று எழுதிவிட்டு நகர்கிறவர் இதைத் தவறவிடுகிறார். படிக்கும்போதே எரிச்சல் வரும் வரி அது. ஏன் மாறுபட்டன என்று துருவுவதற்குத்தானே மீளாய்வு?

காரணத்தையும் விளைவையும் மாற்றிப் படிப்பதும் இந்தத் துறையில் சகஜம். நிறுவனம் தள்ளாடும்போது வெளி இயக்குநர்களை (நிறுவனத்தில் வேலை பார்க்காத குழு உறுப்பினர்களை) கொண்டுவருவது வழக்கம் என்று ஆய்வாளர்கள் ஹெர்மலினும் வைஸ்பாக்கும் 1988இலேயே காட்டிவிட்டார்கள். அப்படியிருக்க, லாபம் குறைந்ததற்கு அந்த வெளி இயக்குநர்களையே காரணமாக்கலாமா?

எந்தத் தகராறைப் பற்றிய ஆய்வு என்பதையும் பாருங்கள். ஆய்வாளர்கள் ஜென்சன், மெக்லிங் 1976இல் பேசியது பங்குதாரருக்கும் மேலாளருக்கும் இடையிலான இழுபறியை. இந்தியாவில் பல நிறுவனங்கள் புரோமோட்டர் குடும்பத்தின், அதாவது நிறுவனத்தைத் தொடங்கிக் கட்டுப்படுத்தும் குடும்பத்தின் கையில். அங்கே தகராறு பெரும்பான்மைப் பங்குதாரருக்கும் சிறுபான்மையினருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கொட்டக் கூடாது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது சுயேச்சை இயக்குநர்கள் (நிறுவனத்தோடும் புரோமோட்டரோடும் தொடர்பில்லாதவர்கள்) வேண்டும் என்ற 2013 கம்பெனிகள் சட்டத்துக்கு முந்தைய தரவையும் பிந்தையதையும் பிரித்தே படியுங்கள்.

இன்னொன்று: ஆய்வு முன்வரைவுகளைப் பகிரும் எஸ்எஸ்ஆர்என் (SSRN) தளத்தில் கிடந்த கட்டுரை பின்னர் வேறு தலைப்பில் இதழில் வந்திருக்கும். ஆசிரியர் பெயரை வைத்து ஒப்பிடாவிட்டால் ஒன்றையே இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.